இரண்டாம் வகுப்பின் காவல்காரி

போலீஸ் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில், கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையின் மூன்றாவது தூணுக்கும் நான்காவது தூணுக்கும் நடுவே ஒரு மேசையும் முக்காலியும் மைக்கூடும் போட்டுக்கொண்டு வேலாயுதம் உட்கார்ந்திருப்பார். சிங்கப்பூரில் அந்த 1911-ஆம் வருஷத்தில் மாட்டுவண்டி மோதினாலும், மச்சான் ஏமாற்றினாலும், கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி முனிசிபாலிட்டி சீட்டு ஒட்டினாலும், தமிழர்கள் முதலில் தேடிப்போனது வக்கீலை அல்ல, பெட்டிஷன் வேலாயுதத்தைத்தான். வக்கீலிடம் போனால் நியாயம் கிடைக்கலாம். வேலாயுதத்திடம் போனால் நியாயம் கிடைக்காவிட்டாலும் சிரிப்பு நிச்சயம். "என் கால்மேல் ஏறிய மாட்டுவண்டி இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை" என்று அவர் ஒரு மனுவை ஆரம்பித்ததைப் படித்துவிட்டு மாஜிஸ்திரேட்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டதாகப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் வேலாயுதம்தான்.

ஆள் கெட்டவர் இல்லை. கிண்டல் செய்வதென்றால் முதலில் தன்னைத்தான் எடுப்பார். தன் வழுக்கை, தன் மூக்கு, தன் மாமனார் வீட்டில் தனக்குக் கிடைத்த மரியாதை என்று வரிசையாக எடுத்து விடுவார். காதர் மைதீன் காப்பிக் கடையில் அவர் வந்து உட்கார்ந்தால், எழுந்து போகவேண்டியவர்களும் இன்னொரு காப்பி சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். ஆனால் ஒரு மனிதனுக்கு எத்தனை மூக்கு இருக்க முடியும்? சொந்தச் சரக்கு தீர்ந்துபோனபோது அவர் மகளை எடுத்தார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

மகள் பாக்கியலட்சுமிக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் அவள் வேறு மாதிரி இருந்தாள். அப்போது குடித்தனம் சிராங்கூன் ரோட்டில், மாட்டுக்கொட்டில்களுக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதே கடைப் பலகைகளைத் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று படித்துக்கொண்டு வருவாள். ஒரு தடவை காதில் விழுந்த பாட்டை மறுநாள் வரி தப்பாமல் திருப்பிப் பாடுவாள். "மூளை என்னோடது, பொறுமை மட்டும் அம்மாவோடது" என்று வேலாயுதம் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாரே என்று முணுமுணுத்தவர்களுக்குப் பதில் சொல்லவே அவருக்கு ஒரு மாதம் சந்தோஷமாகப் போனது.

பள்ளிக்கூடம் மிஷன்காரர்களுடையது. பெண்பிள்ளைகளுக்கு மட்டும். அங்கே சேர்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் மனைவி சிவகாமசுந்தரி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நாகப்பட்டினத்திலிருந்து அவள் தங்கை எழுதும் கடிதங்களை வேலாயுதம்தான் படித்துக் காட்டுவார். படிக்கும்போதே நடுநடுவே சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவார். தங்கை புருஷனுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதியிருந்தால், "உன் தங்கை சமையலைத் தின்னா வேற என்னாகும்" என்பதும் கடிதத்தில் இருப்பதுபோலவே வந்து விழும். எது தங்கை சொன்னது, எது புருஷன் சொன்னது என்று பிரித்துப் பார்க்கமுடியாமல் சிவகாமி பத்து வருஷம் தவித்தாள். "எம்மவ படிக்கட்டும். உள்ளது உள்ளபடி எனக்கு ஒரு ஆள் படிச்சுச் சொல்லணும்," என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

பிறகு வேலாயுதத்துக்குப் பெரிய மனிதராகும் ஆசை வந்தது. கொட்டில் நாற்றம் கௌரவக் குறைச்சல் என்று பட்டது. புக்கிட் மேரா குன்றின் அடிவாரத்தில், காடாகிப்போன பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தின் ஓரத்தில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த பலகை வீடு ஒன்று கிடைத்தது. மேலே குன்றில் துரைமார் பங்களாக்கள். "துரை விட்ட மூச்சு நேரா நம்ம ஜன்னலுக்குத்தான் வருது" என்று காப்பிக் கடையில் அறிவித்துவிட்டு, 1909 தீபாவளிக்கு முன்னால் குடிபோனார். வீட்டுக்குப் பின்புறப் பள்ளத்தில் குன்றின் ஊற்றுத் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. அதில் துணி அலசலாம் என்று சிவகாமிகூடச் சந்தோஷப்பட்டாள்.

இரண்டாவது மாதமே பாக்கியத்துக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. போனது. மறுபடி வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லிவைத்தாற்போல் பகல் பத்து பதினொரு மணிக்குப் குளிரில் பல் தந்தியடிக்கும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். வாரக்கணக்கில் காணாமல் போய், மழை பிடித்ததும் திரும்பி வரும். அடிவாரத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். வரும், போகும். சிவகாமி மிளகு கஷாயம் வைத்தாள். வந்துபோன காய்ச்சலை யாரும் எண்ணவில்லை.

பிள்ளையிடம் ஏதோ குறைந்துகொண்டே வந்தது மட்டும் தெரிந்தது. கடைப் பலகை பக்கத்தில் வந்தாலும் தலை நிமிர்வதில்லை. சொன்னதை மறந்தாள். உப்பு வாங்கப்போய்ப் பாதி வழியில் நின்று, எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தாள். இரண்டாம் வகுப்பில் தேறவில்லை. மறுவருஷமும் அதே வகுப்பு. ஆறு வயதில் தெரிந்த வாய்ப்பாடு ஒன்பது வயதில் தெரியவில்லை.

காப்பிக் கடைக்குப் புதுச் சரக்கு கிடைத்தது.

"எம் பொண்ணு மூளையைத் துணி மாதிரி அலசிக் காயப்போட்டிருக்கு பாய். இன்னும் எடுக்கலை."

"நேத்து ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். 'எத்தனையாவது ஏழுப்பா?'ங்கிறா!"

காதர் மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பெருமையடித்த காலத்தில் மூளை அப்பாவுடையது. இப்போது அது மாமனார் வீட்டுச் சீதனமாகிவிட்டது. வேலாயுதத்துக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தெருவெல்லாம் பீற்றிய மகள் மக்காகிவிட்டாள் என்று மற்றவர்கள் பேசுமுன் தானே பேசிவிட்டால் வலிக்காது என்று நினைத்தார். வலிக்கவும் இல்லை, அவருக்கு.

அந்த வருஷம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. வகுப்பு டீச்சர் அன்னம்மா எழுதியிருந்தார். பிள்ளை பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை, தூங்குகிறாள், உடம்பு நடுங்குவதுபோல் பாசாங்கு செய்கிறாள், தகப்பனார் வந்து பேசவேண்டும்.

வந்து பேசவேண்டுமாம்! ஊருக்கெல்லாம் பேசுகிறவன், ஒரு டீச்சர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, என் மகள் மக்குதான் என்று கேட்டுவிட்டு வருவதா? அவர்கள் பெயரை அடிக்குமுன் நாமே எடுத்துவிடுவது கௌரவம் என்று முடிவு கட்டினார். முக்காலியில் உட்கார்ந்து, கட்சிக்காரர்களைக் காக்கவைத்து, தன் வாழ்நாளிலேயே நல்ல பெட்டிஷனை எழுதினார்.

"மகா கனம் பொருந்திய டீச்சரம்மாள் அவர்களுக்கு. என் மகள் பாக்கியலட்சுமி சென்ற இரண்டு வருஷ காலமாகத் தங்கள் இரண்டாம் வகுப்பை விட்டு நகராமல் காவல் காத்து வந்திருக்கிறாள். அவள் காவலில் அந்த வகுப்பு எங்கும் ஓடிப்போகவில்லை என்பதைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். இனி அது தானே பத்திரமாக இருந்துகொள்ளும் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிட்டபடியால், காவல்காரியை வேலையிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவைக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்."

அனுப்புவதற்கு முன் காப்பிக் கடையில் ஒரு தடவை வாசித்தார். கேட்டதன்பேரில் இரண்டாவது தடவையும் வாசித்தார். அன்று மாலைக்குள் 'காவல்காரி' என்ற பெயர் சிராங்கூன் ரோடு வரைக்கும் போய்விட்டது.

வீட்டில் சொன்னபோது சிவகாமி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நிறுத்திட்டீங்களா?"

"அவங்களா நிறுத்துறதுக்கு முன்னாடி..."

"அவ படிக்கலேன்னா எனக்கு ஆரு படிப்பா?"

வேலாயுதம் ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். சிவகாமி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாக்கியம் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அன்று காய்ச்சல் நாள்.

அடுத்த வாரம் அடிவாரத்துக்கு, டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸ்ஸர் ஒருவர் வந்தார். பேரின்பநாயகம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். காய்ச்சல் எங்கே எவ்வளவு என்று கணக்கெடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கணக்கெடுக்கும் விதம் விசித்திரமாக இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் படுக்கவைத்து, இடது விலா எலும்புக்குக் கீழே வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். அவ்வளவுதான். மருந்துப் பெட்டி ஒன்றும் கூட வந்தது.

"என் வயித்தையும் பாருங்க டிரஸ்ஸரய்யா, உள்ளே நாலு வக்கீல் இருப்பான்," என்றார் வேலாயுதம்.

பேரின்பநாயகம் சிரிக்கவில்லை. "பிள்ளையைப் பாயில படுக்கச் சொல்லுங்கோ."

பாக்கியம் படுத்தாள். அவர் கையை உரசிச் சூடாக்கிக்கொண்டு, மெல்ல அழுத்தினார். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"நாலு விரல்," என்று நோட்டில் எழுதினார். "இது மண்ணீரல். நல்ல பிள்ளைக்கு இது கையில தட்டுப்படக் கூடாது. உங்கட மகளுக்கு நாலு விரலுக்கு வீங்கிக் கிடக்குது. எத்தினை காலமாக் காய்ச்சல்?"

"அது... வரும், போகும்."

"எத்தினை காலம்?"

"ரெண்டு வருசம்," என்று கதவுக்குப் பின்னாலிருந்து சிவகாமி சொன்னாள்.

டிரஸ்ஸர் பிள்ளையின் கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. வெளுத்த துணிபோல் இருந்தது.

"பள்ளிக்கூடம் போறாவோ?"

"போனா. படிப்பு ஏறலை. நிறுத்திட்டேன். மூளை கொஞ்சம்..." வேலாயுதம் வழக்கமான சிரிப்பை ஆரம்பித்தார்.

"மூளைக்கு என்ன?" பேரின்பநாயகம் நிமிர்ந்து பார்த்தார். "ஐயா, இந்தக் காய்ச்சல் ஒவ்வொரு முறையும் ரத்தத்தைத் தின்னுது. ரத்தமில்லாத பிள்ளை நித்திரை கொள்ளும். ஒண்டில மனசு நிக்காது. கேட்டது தங்காது. இந்தச் சுற்றுவட்டாரத்தில ஐம்பது பிள்ளையளைப் பார்த்திட்டன். வயிறு வீங்கின பிள்ளையின்ர தாய் தகப்பனைக் கேட்டா எல்லாரும் ஒரே கதைதான் சொல்லுகினம். 'முந்திக் கெட்டிக்காரன், இப்ப மந்தம்' எண்டு. மந்தமில்லை ஐயா. வருத்தம், நோய்."

வேலாயுதம் ஆரம்பித்த சிரிப்பை மடக்கிக்கொண்டார்.

"நுளம்புதான் இதைக் கொண்டுவாறது," என்று டிரஸ்ஸர் மூலையில் பாடிக்கொண்டிருந்த கொசுவைக் காட்டினார். "பின்னால பள்ளத்தில நிக்கிற தண்ணியில பெருகுது. வீட்டில வலை இருக்கோ?"

"இருக்கு!" வேலாயுதத்துக்கு மூச்சு வந்தது. இதிலாவது ஜெயிக்கலாம். "நல்ல வலை. ஊருக்குப் போன துரை வீட்டுச் சாமான் ஏலத்துல எடுத்தது. சீமை வலை."

"எத்தினை வலை?"

"ஒண்ணு."

"ஆர் படுக்கிறது?"

வலை கட்டில்மேல் வெள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கியபோது யாருக்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சம்பாதிக்கிறவர் தூங்கவேண்டும், காலையில் கோர்ட்டுக்குப் போகவேண்டும். மற்றவர்கள் கீழே பாயில். மீனில் நடுத்துண்டு யாருக்கு என்று எந்த வீட்டில் கேட்கிறார்கள்?

"அவுங்கதான்," என்றாள் சிவகாமி. குரலில் குற்றச்சாட்டு இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

டிரஸ்ஸர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று வேலாயுதத்துக்குத் தோன்றியது. ஊரார் குற்றங்களையெல்லாம் தன் கையால் எழுதியவருக்கு, தன் வீட்டு வரி ஒன்று வேறொருவர் பேனாவில் போவதைப் பார்க்க உடம்பு கூசியது.

கொய்னா மாத்திரைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "நாளுக்கு ஒண்டு, காய்ச்சல் இல்லாத நாளிலும். கசக்கும். துப்பவிடாதேங்கோ. பிள்ளையை வலைக்குள்ள போடுங்கோ," என்றார் டிரஸ்ஸர்.

"குடுத்தா பழைய மாதிரி ஆயிடுவாளா?"

பேரின்பநாயகம் பெட்டியை மூடினார். "காய்ச்சல் நிக்கும். ரத்தம் ஊறும். படிப்பும் வரும். ஆனா ரெண்டு வருஷம் போனது போனதுதான். எல்லாம் திரும்பி வருமெண்டு நான் பொய் சொல்லமாட்டன். பள்ளிக்கூடத்தை மட்டும் விட்டுப்போடாதேங்கோ. வருத்தக்காரப் பிள்ளைக்கு அதுவும் ஒரு மருந்துதான்."

அன்றிலிருந்து பாக்கியம் கட்டிலில். வேலாயுதம் பாயில். முதல் வாரம் கொசு அவரைப் பிய்த்தெடுத்தது. அதைப்பற்றி ஒரு வேடிக்கை சொல்லலாம்போல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டார். அது கொய்னாவைவிடக் கசந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் இன்னும் இரண்டு வலை வாங்கிவந்தார். கட்டில் மட்டும் பாக்கியத்துக்கே இருந்துவிட்டது.

பிள்ளை கொய்னாவைத் துப்பவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். அதைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது வாரம் காய்ச்சல் நாள் வந்து, காய்ச்சல் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. ஒருநாள் காலை வேலாயுதம் பேனா முள்ளைக் கழுவிக்கொண்டிருந்தபோது பாக்கியம் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, முள்ளுக்கு நடுவுல ஏன் பொளந்திருக்கு?"

வேலாயுதம் கையை நிறுத்தினார். பிள்ளை ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தார். எண்ணிக்கை ஒரு வருஷத்தைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டார்.

"மை இறங்கிவர வழி வேணும்ல கண்ணு," என்றார். முள்ளை அவள் கையில் கொடுத்தார்.

காப்பிக் கடையில் அவருக்காகக் காத்திருந்தார்கள். "என்ன ரைட்டரே, நாலு வாரமா வாயைக் கட்டிப் போட்டிருக்கீங்க? காவல்காரி எப்படி இருக்கா?" என்றார் காதர் மைதீன்.

"அவளுக்குக் காய்ச்சல் பாய்," என்றார் வேலாயுதம். "ரெண்டு வருசமா. எனக்குத் தெரியலை. நான் வலைக்குள்ள படுத்திருந்தேன்."

நாலைந்து பேர் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்து வரப்போகும் வரிக்காகக் காத்திருந்தார்கள். வேலாயுதம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே வேடிக்கையின் பாதி என்று நினைத்த ஒருவர் 'குபீ'ரென்று சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "வலைக்குள்ள படுத்திருந்தாராம்லா!" என்று காதர் மைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள்மேல் தப்பில்லை. இருபது வருஷமாக அவர்தான் பழக்கியது. வேலாயுதம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

திங்கட்கிழமை பாக்கியத்துக்குத் தலை வாரி, பாவாடை மாற்றி, பள்ளிக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். சிவகாமி வாசல்வரை வந்தாள். "ஏங்க, எழுதிக் குடுக்காதீங்க. வாயால கேளுங்க," என்றாள். "வாயால கேக்கும்போது விகடம் பேசாதீங்க."

டீச்சர் அன்னம்மா நடுவயதுக்காரர், வெள்ளைச் சேலை, கண்ணாடி. வேலாயுதத்தைப் பார்த்ததும் எழுந்தார். "நீங்கதான் அந்தக் கடுதாசி எழுதினவரா?" என்றார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நாங்க நாலு டீச்சரும் படிச்சோம். பெரிய மிஸ்ஸம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொன்னேன். அவுங்களும் சிரிச்சாங்க. நல்லா எழுதியிருந்தீங்க."

வேறொரு நாளாக இருந்தால் இந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருப்பார். இன்று அது கன்னத்தில் வந்து விழுந்தது.

"அதை வாபஸ் வாங்கிக்க வந்தேன் டீச்சரம்மா."

"வாபஸா? பேரை அடிச்சாச்சே. எடத்துக்கு வேற பிள்ளையைச் சேத்தாச்சு. காத்துக்கிட்டு இருந்த பிள்ளை." அன்னம்மா உட்கார்ந்தார். "அதோட, தப்பா நெனைக்காதீங்க, இவளாலே முடியலையே. இங்க வா பாக்கியம். ஆறேழு எத்தனை?"

பாக்கியம் நடு அறையில் நின்றாள். திறந்திருந்த கதவுக்கு அப்பால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் உதடுகள் அசைந்தன. விரல்கள் பாவாடை மடிப்பில் எதையோ எண்ணின. "முப்பத்தி... நாப்பத்தி..." நின்றாள். கண்களில் ஒரு பயம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. உதட்டின் ஒரு ஓரம் மேலே ஏறியது.

"டீச்சர், ஆறும் ஏழும் இன்னைக்கி லீவு. நான் மட்டும்தான் வந்திருக்கேன்."

கதவுக்கு அப்பால் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வேலாயுதத்துக்கு முதலில் தோன்றியது என்ன என்பதை மறைக்காமல் சொல்லிவிடலாம். 'அடடா, நல்லா சொன்னாளே' என்று தோன்றியது. இடம் பார்த்து நிறுத்தியது, கடைசி வார்த்தையை மெல்லப் போட்டது, எல்லாம் பிசகாமல் வந்திருக்கிறது என்று தொழில்காரன் கண் அளந்துவிட்டது. அரைக் கணம்தான். அதற்குள் அந்த உதட்டோரம் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தினமும் கண்ணாடியில் பார்க்கிற உதடு. மற்றவர்கள் சிரிக்குமுன் நாமே சிரித்துவிட்டால் வலிக்காது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூளை மந்தித்துக் கிடந்த இரண்டு வருஷத்தில் வாய்ப்பாடு தங்கவில்லை, பாட்டுத் தங்கவில்லை. இது ஒன்று மட்டும் தங்கியிருக்கிறது.

"சிரிக்காதீங்க டீச்சரம்மா," என்றார்.

அன்னம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அவ மக்கு இல்லைங்க. ரெண்டு வருசமா மொறைக்காய்ச்சல். மண்ணீரல் நாலு வெரல் வீங்கியிருக்கு, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பாத்துச் சொன்னாரு. ரத்தமே இல்லை. அதான் தூங்கினா. அதான் மறந்தா. பங்களாக் காத்துன்னு நான்தான் அந்த எடத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு வலை இருந்துச்சு. அதுல நான் படுத்தேன். அவளைப் பத்தி நான் பேசாத கடை இல்லை. உங்களுக்கு எழுதினதும் அதுதான். இப்ப கொய்னா குடுக்கறோம், அஞ்சு வாரமாச்சு. எல்லாம் திரும்ப வருமான்னு டிரஸ்ஸருக்கே தெரியலை. பள்ளிக்கூடத்தை விடாதேன்னாரு. எங்கே வேணா உக்கார வைங்க."

இத்தனை நீளமாக, நடுவில் ஒரு சிரிப்புக்கும் இடம் விடாமல், அவர் வாழ்க்கையில் பேசியதில்லை. பேசி முடித்தபோது நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் உதறுவா," என்றார் மெதுவாக. "பாடம் தெரியாததுக்கு நடிக்கிறாள்ன்னு நெனைச்சேன். பெஞ்சுமேல ஏத்தி நிறுத்தினேன். மேலே நின்னுக்கிட்டும் உதறுவா. மத்தப் பிள்ளைங்க சிரிக்கும். நான் வேண்டாம்னு சொல்லலை." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "இங்க வாம்மா."

பாக்கியம் போனாள்.

"ரெண்டாம் வகுப்புல எடம் இல்லை. முதல் வகுப்புல ஒரு எடம் போடறேன். எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைங்க. உன்னைவிடச் சின்னதுங்க. அதுங்ககூட உக்காந்து முதல்லேர்ந்து படிக்கணும். வருச முடிவுப் பரீட்சையில தேறினா மேலே. தேறலேன்னா என்னாலே பெரிய மிஸ்ஸம்மாகிட்டப் பேச முடியாது. சம்மதமா?"

பாக்கியம் யோசித்தாள். பதில் வர நேரமாயிற்று. இரண்டு பெரியவர்களும் அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்தார்கள். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பெஞ்சுமேல ஏறணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்," என்றார் அன்னம்மா. "இனிமே வேண்டாம்."

"சரி டீச்சர்."

முதல் வகுப்பு பக்கத்து அறை. தரையில் பாய் விரித்து முப்பது பொடிசுகள் உட்கார்ந்திருந்தன. நடுவில் பாக்கியம் உட்கார்ந்தபோது ஒரு தலை உயரம் மேலே தெரிந்தாள். பக்கத்திலிருந்த ஒரு பொடிசு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ டீச்சரா?" என்று கேட்டது. பாக்கியத்தின் உதட்டோரம் மேலே ஏற ஆரம்பித்தது. பிறகு ஏனோ இறங்கிவிட்டது. "இல்லை. படிக்க வந்திருக்கேன்," என்றாள்.

வேலாயுதம் வெளியே வந்தார். கோர்ட்டில் கட்சிக்காரர்கள் காத்திருப்பார்கள். ஆனாலும் வராந்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே ஓரெண்டு இரண்டு என்று ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பாக்கியம் மற்றவர்களுக்கு ஒரு அசை பின்னால் வந்துகொண்டிருந்தாள். விட்டுவிட்டுப் பிடித்தாள். பிடித்துவிட்டு மறுபடி விட்டாள். அவர் தன்னை அறியாமல் வாயைத் திறந்து அவளுக்காக உதட்டை அசைத்துக் காட்டினார்.

பொடிசுகளில் ஒன்று ஜன்னலைப் பார்த்தது. இன்னொன்றை இடித்துக் காட்டியது. கம்பிக்குப் பின்னால் வழுக்கைத் தலையோடு ஒரு பெரிய மனிதர் மீன்போல் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து இரண்டும் வாயைப் பொத்திக்கொண்டன. பாக்கியம் திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் காதுவரைக்கும் சிவந்தது. சிவக்கும் அளவுக்கு அந்த முகத்தில் ரத்தம் வந்திருந்தது.

மற்றவர்கள் பார்க்காதபடி, மடிமேல் வைத்திருந்த கையை லேசாக அசைத்தாள். போங்கப்பா என்று அர்த்தம்.

வேலாயுதம் கம்பியை விட்டார். பதில் ஒன்றும் சொல்லாமல், குனிந்த தலை நிமிராமல், சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல் வராந்தா படிகளில் இறங்கிப் போனார்.